தையலுக்குள் இரண்டு விரல் துணி

25-11-1999

அன்பு மகள் ரின்பூயிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் அப்பாவும் சுகம், பன்றியும் சுகம். போன கடிதத்தில் நீ என்னை ஒரு தடவையும் பன்றியை இரண்டு தடவையும் விசாரித்திருந்தாய், உன் கல்யாண விருந்துக்கு வளர்கிற பன்றி என்பதால் நான் கோபித்துக்கொள்ளவில்லை. அங்கே ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி குறைந்ததா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஒரு மாதமாகக் கடிதம் இல்லையே என்று நினைத்திருப்பாய். இங்கே முந்தாநாள் செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு உலகம் முடிவதாக இருந்தது, முடியவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

எல்லாம் உன் அப்பாவின் முழங்காலில் ஆரம்பித்தது. வலி தாங்காமல் ஜீப் ஓட்டுவதை விட்டு அதை விற்றதிலிருந்து வேலை இல்லாமல் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார், கையில் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு வேதாகமத்தில் உலக முடிவைச் சொல்கிற வெளிப்படுத்தல் புத்தகத்தைக் கோடு போட்டுப் போட்டு வாசித்தார், பக்கமெல்லாம் சிவந்துவிட்டது. மழை நின்ற வாரம் ஊருக்குள் சால்குங்கா என்று ஒருவர் வந்தார், தீர்க்கதரிசியாம், கனவில் தேதி கிடைத்ததாம், நவம்பர் இருபத்து மூன்று. சிவப்புக் கோடு போட்ட வேதாகமத்தைக் கண்டதும் வேறு வீட்டுக்குப் போவாரா, நம் வீட்டிலேயே தங்கிவிட்டார். வேளைக்கு மூன்று தட்டுச் சோறு, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கின இறைச்சியெல்லாம் பத்து நாளில் காலி, கம்பி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நம் சபை பாவம் நிறைந்த பாபிலோனாகிவிட்டது, அங்கே காலை வைக்காதே என்றார், அப்பா போவதை நிறுத்திவிட்டார். இருபத்தாறு வருடம் கோயிலில் மத்தளம் அடித்தவர். அவர் இடத்தில் உட்கார்ந்த ஆள் அடித்த வேகத்துக்குப் பாடகர் குழுப் பெண்கள் மூச்சு வாங்கிப் பாதிப் பாட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டிலிருந்தபடியே அதைக் கேட்டு, உன் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மேசையில் சரியான தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்பா இன்னும் முழுசாக நம் கையைவிட்டுப் போகவில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

அடுத்தது ரேஷன் கார்டு. அதன் எண்ணில் மூன்று ஆறு இருக்கிறது, வெளிப்படுத்தலில் சொன்ன மிருகத்தின் முத்திரை அதுதான் என்று பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். அன்று சாயங்காலமே நான் தோண்டி எடுத்து, துடைத்து, பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன், அதைத்தான் அவர் அப்போது திறப்பதில்லையே. அந்தக் கார்டில் வாங்கின சர்க்கரையைப் போட்டுத் தேநீர் கொடுத்தால், விசுவாசத்தினால் வெறும் தேநீரே இனிக்கிறது என்று சாட்சி சொல்லிக் குடித்தார்கள் இரண்டு பேரும்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், அப்போது சிரிப்பு வரவில்லை. அவரவர் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சால்குங்கா சொன்ன அன்றைக்கே அப்பா உனக்குக் கடிதம் எழுதினார், வேலையை விட்டுவிட்டு இருபத்து மூன்றாம் தேதிக்குள் வந்து சேர் என்று. நீ அப்பா சொல்லைத் தட்டமாட்டாய், அதுதான் என் பயம். எத்தனை வருடம் படித்து வாங்கின வேலை. தபாலில் போடு என்று என்னிடம் கொடுத்தார், நான் தையல் மெஷின் மூடிக்குள் ஒளித்து வைத்தேன். ராத்திரி ஜெபிக்கும்போது அதை மட்டும் ஆண்டவரிடம் சொல்லாமல் தாண்டிப் போனேன், அவருக்குத் தெரியாதா என்ன. போதாததற்கு இருபதாம் தேதி பன்றியை வெட்டி விசுவாசிகள் எல்லாம் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றும் முடிவானது. கல்யாணமே நடக்கப் போவதில்லை, பிறகு பன்றி எதற்கு என்று கேட்டார்கள். போதகரிடம் போய் அழுதேன். ஆண்டவர் வருவது நிச்சயம், நாள் குறித்துக் கொடுப்பவன்தான் பொய், ஆனால் வாக்குவாதத்தால் உன் வீட்டுக்காரரை ஜெயிக்க முடியாது, காத்திரு, பொய் தன் வாயாலேயே அகப்படும் என்றார். எனக்குப் பொறுமை ஏது, இருந்தாலும் காத்திருந்தேன்.

பதினோராம் தேதி அகப்பட்டது. ஆண்டவரைச் சந்திக்கப் பழைய கோட்டோடு போகலாமா என்று சால்குங்காவுக்குக் கவலை வந்தது, அப்பா உன் கல்யாணத்துக்குப் போட எடுத்து வைத்திருந்த சாம்பல் நிறத் துணியைத் தூக்கி அவருக்குக் கொடுத்துவிட்டார். நாடாவை எடுத்து இடுப்பை அளந்துகொண்டிருக்கும்போது சால்குங்கா குனிந்து, “தையலுக்குள்ள ரெண்டு விரல் துணி விட்டு வையுங்கம்மா, பின்னால பிரிச்சு விட்டுக்கலாம்” என்றார். என் கை அப்படியே நின்றது. எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன். பாவம், சத்தமாகவே சொன்னார். அப்பா வேதாகமத்திலிருந்து தலையைத் தூக்கினார். ஜீப்பில் ஏதோ புதுச் சத்தம் கேட்டால் தலையைச் சாய்ப்பாரே, அதே மாதிரி சாய்த்துக்கொண்டு கேட்டார், “முடிவுக்கு இன்னும் எத்தன நாள் ஐயா?” பன்னிரண்டு என்றார் அவர். “பன்னெண்டு நாள்ல இன்னும் எவ்வளவு பருத்திருவீங்க?” சால்குங்கா கொஞ்சமும் அசராமல் சொன்னார், “உங்க பன்னி பெருசாச்சே.”

நான் ஊசியைத் தேடுகிற சாக்கில் மெஷினுக்கு அடியில் குனிந்துகொண்டேன். அப்பா துணியை மடித்து மறுபடி பெட்டியில் வைத்தார். மறுநாள் வேறு ஊரில் விசுவாசிகள் கூப்பிடுகிறார்கள் என்று சால்குங்கா புறப்பட்டார், அங்கே போனதும் தேதியை மார்ச் மாதத்துக்குத் தள்ளிவிட்டாராம். அப்பா பன்றி வெட்டுகிற பேச்சை எடுக்கவில்லை, ஆனாலும் சந்தேகம் முழுசாக விடவில்லை. செவ்வாய்க்கிழமை காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் வழக்கம்போல உலை வைத்து, வழக்கம்போலச் சபைக்குக் காணிக்கையாக ஒரு பிடி அரிசியை எடுத்து டப்பாவில் போட்டேன். “இன்னிக்குமா எடுக்கற?” என்றார். “சனிக்கிழமை அரிசி வாங்க வருவாங்களே, உலகம் முடிஞ்சிருச்சுன்னு சொன்னா ஒத்துக்குவாங்களா?” என்றேன்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கொட்டிலிலிருந்து ஒரு அலறல். அப்பா முழங்காலில் விழுந்துவிட்டார். வேறொன்றுமில்லை, நடந்த கூத்தில் நான் பன்றிக்குத் தீனி வைக்க மறந்திருந்தேன். அந்த முழங்காலோடு அவரைத் தூக்கி நிறுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எழுந்தவர் அழுதார், ரின்பூயி. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவேன் என்று கேட்டார், இருக்கிற முகத்தை வைத்துக்கொண்டுதான், வேறு வாங்கியா தர முடியும் என்றேன். நேற்றுப் புதன்கிழமை ஆராதனைக்கு என் பின்னாலேயே வந்தார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மத்தளத்துக்காரர் எழுந்து குச்சியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். முதல் பாட்டு முடியும்போது பெண்கள் எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

வருடம் இரண்டாயிரம் பிறக்கப் போகிறது, அங்கேயும் யாராவது துண்டுப் பிரசுரத்தோடு உன்னிடம் வருவார்கள். எல்லோரையும் விரட்டாதே, எல்லோரையும் நம்பாதே, வேதத்தை நீயே வாசி, அதோடு அந்த ஆள் தையலுக்குள் எவ்வளவு துணி விடுகிறார் என்றும் பார். அப்பாவுக்கு அந்தச் சாம்பல் துணியில் நான் கோட்டு வெட்டிவிட்டேன், உள்ளே இரண்டு விரல் விட்டிருக்கிறேன், பன்றி பெரிதல்லவா. மாப்பிள்ளை வீட்டார் போன வாரம் வந்தார்கள், கல்யாணம் ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை என்பதில் மாற்றமில்லை.

மெஷினுக்குள் இருந்த கடிதத்தைப் பற்றி நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன், நல்ல வேளை என்று மட்டும் சொன்னார். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். உலக முடிவைப் பற்றி அதில் இரண்டு வரிதான் இருக்கிறது. மீதி எல்லாம் நீ எந்த ரயிலில் ஏற வேண்டும், கௌஹாத்தியில் யார் வீட்டில் தங்க வேண்டும், ஐஸ்வாலில் எந்த மரத்தடியில் அவர் விடிகாலையிலிருந்து காத்துக்கொண்டிருப்பார் என்பதுதான். எல்லாம் முடிகிற நேரத்தில் மகள் பக்கத்தில் இருக்க வேண்டும், அந்த மனுஷனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான் போல.

ஆண்டவர் உன்னைக் கண்மணிபோல் காக்கட்டும், உன் கைபட்ட நோயாளிகள் எழுந்து நடக்கட்டும். லீவு எழுதிக் கொடுத்துவிட்டாயா? டிசம்பர் இருபதாம் தேதியை அப்பா சுவர் காலண்டரில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார், ரின்பூயி வருகிறாள் என்று தெருவெல்லாம் பிரசங்கம் செய்கிறார். இந்தத் தீர்க்கதரிசனமாவது பொய்யாகாமல் பார்த்துக்கொள்.

உன் வரவுக்கு நாள் எண்ணும் அம்மா,
தார்த்துவாமி