வளையலில் சிக்கிய சேலை

மாப்ள,

இன்று காலையில் என் கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டது. முதல் குட்டி சளியும் நீருமாக விழுந்து மூச்சுக்குத் தவித்தது. மூக்கைத் துடைத்துவிடக் கைக்கு எட்டியதை இழுத்தேன். கொட்டகைக் கம்பில் கிடந்த உன் பொன்னாடை. துடைத்தேன், துடைபடவில்லை. அது ஒரு சொட்டு ஈரத்தைக்கூட உறிஞ்சாது. இந்தப் பக்கத்துச் சளியை அந்தப் பக்கம் இழுத்துவிட்டது, அவ்வளவுதான். கடைசியில் என் வேட்டி நுனிதான் உதவியது. குட்டி பிழைத்துவிட்டது. பொன்னாடை கையில் வழவழவென்று, ரப்பர் எரிந்த வாடையோடு கிடந்தது. அந்த வாடை வந்ததும் உன் ஞாபகம் வந்தது. உன் ஞாபகத்துக்கு இப்படி ஒரு வாடை வந்து சேர்ந்துவிட்டதே என்று காறித் துப்பினேன்.

எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். மருமகள்தான் எழுதுகிறாள். நான் பேசுவதைப் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். "காறித் துப்பினதையும் எழுதணுமா மாமா?" என்று இப்போது கேட்டாள். "அதத்தான் முதல்ல எழுதணும் தாயி" என்றேன்.

ரம்யா டீச்சர் நம் ஊருக்கு முதலில் வந்த நாளில் நீதான் அவளைக் கண்மாய்க்கரை வரைக்கும் கூட்டிப் போனாய். மதுரை கே.கே. நகரில் பள்ளிக்கூட வேலை. லீவு நாளில் ஊர் ஊராகப் போய் நாடகம் போடுகிற பிள்ளை. அங்கேயே நெசவுக்காரர் குடும்பம், வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரா. அவள் அம்மாவோடு போனில் பேசும்போது நீ வாயைப் பிளந்துகொண்டு கேட்பாய். "என்ன மாப்ள, இந்தப் புள்ள போனை எடுத்தா வேற ஊருக்குப் போயிருது" என்பாய். அதற்கும் அவள் சிரித்தாள். நல்ல பிள்ளைதான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் ஏசும்போது அவளையும் சேர்த்து ஏசியதாக நீ நினைக்கக்கூடாது.

பருவநிலை மாறுகிறது, அதற்கு ஊர் எப்படித் தயாராவது என்று ஊர்க்காரர்களே நடிக்க வேண்டும் என்றாள். அதில் ஒரு சட்டம் இருந்தது. பார்க்கிறவர்களில் யார் வேண்டுமானாலும் கை தட்டி "நிறுத்து" என்று சொல்லலாம். சொன்னவர் மேடையேறி, தான் என்ன செய்வேன் என்று காட்டலாம். உனக்கு அது பிடிபடவே இல்லை. "டீச்சர், நம்ம பக்கம் நாடகத்த நிப்பாட்டுறது ரெண்டே ரெண்டுக்குத்தான். ஒண்ணு சண்டை, இன்னொண்ணு பொன்னாடை" என்றாய். எல்லோரும் சிரித்தோம்.

எங்கே விட்டேன்? மழை. முன்பெல்லாம் ஐப்பசி மழை நாலு நாள் நின்று பெய்யும், கால்வாய் மெல்ல மெல்லக் கண்மாயை நிரப்பும். இப்போது பத்து நாள் காய்ந்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் போகிறது. அவ்வளவு தண்ணீரையும் ஒரே மூச்சில் வாங்க வேண்டுமென்றால் வரத்துக்கால்வாய் முன்னைவிட அகலமாக இருக்க வேண்டும். நம் ஊரில் நடந்தது தலைகீழ். கல்யாண மண்டபத்துக்காரர், விசேஷத்துக்கு வருகிறவர்கள் கார் நிறுத்த வேண்டும் என்று கால்வாயை மண் போட்டு மூடி, அடியில் ஒரு சிமெண்டுக் குழாயைப் புதைத்துவிட்டார். குழாய் கொள்ளாத தண்ணீர் கீழத்தெருவுக்குத் திரும்பும். கீழத்தெருவின் கடைசி வீடு உன் வீடு. மண் சுவர். உள்ளே மூட்டுவலியோடு உன் வீட்டுக்காரி பாண்டியம்மா.

இதை எப்படி நடித்துக் காட்டுவது என்று ரம்யா கேட்டாள். ஒரு நீலச் சேலைதான் தண்ணீர். நீ போய் ஒரு சைக்கிள் டயரை எடுத்து வந்தாய். "இந்தா, அந்தக் காலத்துக் கால்வா. இழுங்கடி!" பெண்கள் இழுத்தார்கள். சேலை சர்ரென்று மறுபக்கம் வந்துவிட்டது. "இப்ப இருக்கிற கால்வா எங்க?" என்றாய். உன் வீட்டுக்காரி உட்கார்ந்த இடத்திலிருந்தே கை வளையலைக் கழற்றி நீட்டினாள்.

"இந்தா என் வளவி. மண்டபத்துக்காரரு போட்ட குழாயும் இம்புட்டுத்தானே!"

சேலை ஒரு முழம் போனது. சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. ஒருத்தி, "ஏய், கிழிஞ்சிரும்டி" என்று கத்தினாள். "கிழியட்டும், எங்க வீட்டுச் சுவரு கிழியிறதுக்கு இது தேவலை" என்றாள் பாண்டியம்மா. யாரும் சிரிக்கவில்லை. ரம்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் நாம் பேசி வைத்தோம். மார்பெல்லாம் வண்டல் பூசிக்கொண்டு நீ கண்மாயாக நிற்பாய். சேலை சிக்கியதும் "எந்தொண்டைய அடச்சது யாரு?" என்று கேட்பாய். உடனே நான் கை தட்டி நிறுத்தி, யார் என்று பேரைச் சொல்லி, நாடகம் பார்க்க வரும் அரசு அதிகாரியிடம் குழாயைத் தோண்டி எடுக்கச் சொல்லிக் கேட்பேன். ஏன் நான்? கீழத்தெருக்காரர்கள் பேரைச் சொன்னால் மறுநாள் பொழப்பு இருக்காது. நான் மேலத்தெரு. திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஊரில் மைக் பிடிக்கிறவன் நான். ஆடு மேய்த்து மேய்த்து வளர்ந்த தொண்டை. மண்டபத்துக்காரர் வீட்டு விசேஷத்துக்கும் நான்தான் மைக். அதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. நீ யோசித்திருப்பாய், ஆனால் சொல்லவில்லை.

நாடகத்தன்று சாயங்காலம் பார்த்தால் பந்தல், நாற்காலி, மோர் எல்லாம் மண்டபத்திலிருந்து வந்திருக்கின்றன. சிறப்பு விருந்தினரும் அவரே. அவர் அடைத்த கால்வாயைப் பற்றி, அவருடைய பந்தலில், அவருடைய மோரைக் குடித்துவிட்டு நாடகம். நடிக்கிறவர்களுக்கெல்லாம் பச்சைக் கலரில் பனியன் கொடுத்தார்கள். அந்த வெக்கையில் அது உடம்போடு ஒட்டிக்கொண்டு நாறியது. நீ மட்டும் போடமாட்டேன் என்றுவிட்டாய். "கம்மாய்க்கு எதுக்குடா பனியனு?"

சேலை சிக்கியது. நீ கேட்டாய். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, நடிப்புக் குரல் இல்லை அது. நான் மைக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தொடையில் ஓங்கித் தட்டி, "நிறுத்து!" என்றேன். கூட்டம் அடங்கியது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

அதற்குள் மண்டபத்துக்காரர் எழுந்துவிட்டார். கையில் தட்டு, தட்டில் பொன்னாடை. நாடகத்தை நிறுத்தினால் மரியாதை நேரம் என்று பழக்கத்தில் எழுந்தாரா, எல்லாம் புரிந்துதான் எழுந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் என்னைப் பற்றித் தெரியும். அவர் மேடையில் கால் வைத்தார், என் வாய் தானாக ஓடியது. "இப்பொழுது, கண்மாயாக நடித்துக்கொண்டிருக்கும் நமது கலைஞருக்கு, அன்பு அண்ணன் அவர்கள் பொன்னாடை போர்த்தி கௌரவிக்கிறார்கள்! பலத்த கரவொலி!"

முப்பது வருடமாகச் சொன்ன வாய். யோசிப்பதற்கு முன்பே சொல்லி முடித்துவிட்டது. கூட்டமும் பழக்கத்தில் கை தட்டியது. வண்டல் பூசிய உன் தோளில் அந்த வழவழத் துணி. நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். வளையலில் சிக்கிய சேலை அப்படியே மண்ணில் கிடந்தது. அதிகாரி மரம் வளர்ப்பதைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு வண்டி ஏறினார்.

எல்லோரும் போன பிறகு அந்தத் துணியை என் மூஞ்சியில் எறிந்தாய். "ஒனக்கு வாயில இருக்கிறது நாக்கா, கேசட்டாடா? இந்தா, இது நீ வாங்குனதுதான். நீயே வச்சுக்க." அத்தோடு என்னை விட்டிருந்தால் தேவலை. மறுநாள் காலையில் நீயே டீக்கடையில் எனக்கும் சேர்த்து டீ சொன்னாய். "விடு மாப்ள. அடுத்த வாட்டி சொல்லுவ" என்றாய்.

ஐப்பசியில் அந்த ஒரு மணி நேர மழை வந்தது. மண்டபத்தில் அன்றைக்கு முகூர்த்தம். குழாய் கொள்ளாமல் தண்ணீர் திரும்பி, எச்சில் இலையும் தண்ணீர் பாட்டிலும் சாம்பார் நாற்றமுமாக உன் தெருவுக்குள் இறங்கியது. நீ பாண்டியம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாய். திரும்பி வந்து, அண்டை வீட்டுக்காரர்களின் சாமான்களை எல்லாம் இடுப்பளவுச் சாக்கடையில் நின்று எடுத்துக் கொடுத்தாய். நானும் நின்றேன். உன் வீட்டுச் சுவர் நம் கண் முன்னாலேயே கரைந்து உட்கார்ந்தது. அந்தச் சமயத்திலாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

பத்து நாளில் காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள். எலிக்காய்ச்சல், தண்ணீரில் நின்றதால் வந்தது என்றார்கள். கப்பலூர்க் கம்பெனியிலிருந்து உன் மகன் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மண்டபத்துக்காரர் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். உனக்குப் பொன்னாடை போர்த்திய அதே கை. நான் எழுந்து போய் வேலியோரம் வாந்தி எடுத்தேன். துக்கத்தில் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

போன வாரம் ரம்யா டீச்சர் வந்தாள். வழவழத் தாளில் அச்சடித்த ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். நம் நாடகத்தைப் பற்றியதாம். அட்டையில் நீ, உன் தோளில் பொன்னாடை, பக்கத்தில் மைக்கோடு ஆவென்று வாய் திறந்த நான். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று மருமகளைப் படிக்கச் சொன்னேன். மக்களின் மனமுவந்த பங்கேற்பு என்று போட்டிருக்கிறதாம். உன் சாவைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. கால்வாயைப் பற்றியும் இல்லை. எத்தனை பனியன் கொடுத்தார்கள் என்பது இருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை மறுபடி போடுறோம்ணே. மைக் நீங்கதான்" என்றாள்.

"வளவி இருக்கா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லண்ணே. இந்தவாட்டி மரம் நடுறது மட்டும்தான். நாடகத்துக்குப் பணம் குடுக்கிறவங்க அப்படிச் சொல்லிட்டாங்க."

"தலைமை யாரு?"

அவள் மண்டபம் இருக்கிற பக்கம் கண்ணைத் திருப்பினாள். எனக்குப் பேர் தேவைப்படவில்லை. "கை தட்டி நிறுத்துற சட்டமாவது இருக்கா, அதையும் எடுத்துட்டாகளா?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். "அது இருக்குண்ணே" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "அத எடுக்க நான் விடல" என்றாள்.

மைக் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மைக் கையில் இருந்தால் என் வாய் யாருடையது என்று எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில் உட்காரப் போகிறேன். இதைச் சொல்ல நேற்று பாண்டியம்மாவிடம் போனேன். தார்ப்பாயும் தகரமும் கட்டி, அதே இடத்தில்தான் இருக்கிறாள்.

"போயிச் சொல்லுவியளாண்ணே, இல்ல திரும்பியும் கரவொலியா?" என்றாள்.

அவள் அந்த வளையலைத் தேடி எடுத்து என் கையில் வைத்தாள். அதன் உள்வட்டத்தில் நீல நூல் ஒன்று இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நீ "அடுத்த வாட்டி" என்று சொன்னது இந்த வாட்டிதான் மாப்ள. பொன்னாடையை ஆட்டுக் கொட்டகையிலேயே போட்டுவிட்டேன், புழுக்கையோடு கிடக்கட்டும். வளையல் என் இடுப்பு மடிப்பில் இருக்கிறது. உட்கார்ந்தால் குத்துகிறது. குத்தட்டும்.