கஜேந்திரன் கார் பார்த்த மாதம்

நவம்பர் 2, ஞாயிறு

இத்தாலியிலிருந்து மகன் கஜேந்திரன் வீடியோவில் வந்தான். கார் பார்க்கிறானாம். ஓடுகிற கார் இல்லை. பழுதாகிக் கிடக்கிற பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட். வேலை செய்யும் கராஜில் முதலாளி ஒரு மூலையை விட்டிருக்கிறார். லீவு நாளில் அக்கக்காகப் பிரித்து, துரு எடுத்துச் சேர்க்கவேண்டும்.

"தோட்டத்துத் துரைகிட்ட ஒன்னு இருந்துச்சே, நீங்க கழுவுவீங்களே, அது எப்படிப்பா இருக்கும்?"

சொன்னேன். பச்சை. சக்கரத்துக்குக் கம்பி. ஸ்டியரிங் மரம். இடது கதவை ஓங்கிச் சாத்தினால்தான் பூட்டும். ஐம்பது வருசத்துக்கு மேலாகிறது, கண்ணை விட்டுப் போகவில்லை.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, மருமகள் தயானி எழுதுகிறாள். மழை விடவில்லை.

நவம்பர் 6

வரிசை வீடாய் நிற்கும் எங்கள் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு. போன வாரம் விரல் நுழைந்தது, இன்று கை நுழைகிறது. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் பின்சுவரிலும் இறங்கிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போய்விடச் சொல்லிவிட்டுப் போனார் கிராம சேவகர்.

போனால்? மீரியபெத்தத் தோட்டம் மலை சரிந்து மண்ணுக்குள் போனபோது தப்பித்தவர்களைப் போய்ப் பார்த்தவன் நான். பழைய தேயிலை ஃபேக்டரிக்குள் வருசக்கணக்கில் சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். இறங்குவது லேசு. அப்புறம் எங்கே ஏறுவது?

நவம்பர் 7

"அவருகிட்ட சொல்லிடுறேன் மாமா" என்றாள் தயானி.

கூடாது என்றேன். அவனுடைய விசாப் பேப்பர் தை மாதம்தான் கைக்கு வரும். அதற்குள் அங்கிருந்து கிளம்பினால் திரும்ப நுழைய முடியாது. கேள்விப்பட்டால் அடுத்த ப்ளேனில் ஏறிவிடுவான். நாங்கள் லயத்தை விட்டு இறங்கினாலும் ஊர் பேசும், அவன் காதுக்குப் போகும்.

"பேப்பர் போனா போகட்டும். நீங்க உசுரோட இருக்கணும்ல?"

இதையும் எழுது என்றேன். எழுதிவிட்டாள்.

நவம்பர் 9

இரண்டு கார் காட்டினான். ஒன்று சிவப்பு, பளபளப்பு. மற்றது பச்சை, யாரோ ஒரு கிழவர் வீட்டு ஷெட்டில், பாதி பிரித்தபடி, துரு.

சிவப்பை எடுடா என்றேன்.

"அதுலதான்பா பயம். அடிப்பக்கம் மட்டும் விக்கிறவன் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கான். பழசுல ஒரு இடம் மட்டும் புதுசா இருந்தா, உள்ள என்னமோ இருக்கு."

பின்சுவர் தெரியாமல் போனைச் சாய்த்துப் பிடித்தே பேசினேன். தோள் கழன்றுவிடும்போல் இருக்கிறது.

நவம்பர் 13

மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். நாங்களும் பக்கத்துக் காம்பரா பெரியாயியும்தான் பாக்கி.

"அண்ணே, போறீங்களா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அப்ப நானும் இருக்கேன். மேல போனதும் எம் புருசன் கேட்டா, நல்லையாண்ணன் பேச்சைக் கேட்டேன்னு சொல்லிக்கிறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ராத்திரி இரண்டு தரம் எழுந்துபோய் வெடிப்பைப் பார்த்தேன்.

நவம்பர் 15

கொஞ்சம் சீமெந்து கிடந்தது. பின்சுவர் வெடிப்பைப் பூசிவிட்டேன். இனிப் போனைச் சாய்க்கவேண்டாம்.

நவம்பர் 16

சிவப்புக் காரின் அடியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தானாம். தகடே இல்லையாம், பெயின்ட்தான் நிற்கிறதாம். சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"அப்பா, பின்னால சுவருல என்ன, அந்த இடம் மட்டும் புதுசா இருக்கு?"

"ஓதம்டா, மழை ஈரம்."

"கிட்ட கொண்டு போங்க."

"வெளிச்சம் பத்தாது—"

"தயானி, நீ சொல்லு."

அவள் சொல்லிவிட்டாள். மலை, வெடிப்பு, பேப்பர், எல்லாம். நான் தடுக்கவில்லை. அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"இருட்டுறதுக்குள்ள இறங்குங்க. பள்ளிக்கூடத்துல இருந்து வீடியோவுல என்னைக் கூப்பிடணும். இல்லேன்னா நான் டிக்கெட் போடுறேன். பேப்பராவது மண்ணாங்கட்டியாவது!"

அவன் வந்துவிடக் கூடாதென்று லயத்திலேயே இருந்தேன். அவன் வந்துவிடக் கூடாதென்றே இறங்கவேண்டியதாயிற்று. பெரியாயி கதவைத் தட்டினேன்.

"கெளம்பு புள்ள."

"இருக்கேன்னு சொன்னீங்க?"

"புத்தி கெட்டுச் சொன்னேன். கெளம்பு."

கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் இறங்கினாள். வழியெல்லாம் என்னைத் திட்டு.

நவம்பர் 19

விடியும்போது மலை இறங்கிவிட்டது. எங்கள் பக்கம் நாலு காம்பரா இல்லை. உள்ளே யாரும் இல்லை. பெரியாயி என் கையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை.

நவம்பர் 23

பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஆறு குடும்பம். போனைத் தூக்கிச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். பிள்ளைகள் உட்காரும் வாங்குகளைச் சேர்த்துப் போட்ட படுக்கை, கயிற்றில் ஈரத்துணி, ஜன்னலுக்கு அப்பால் சிவப்பாகக் கிடக்கும் மலை. எதையும் மறைக்கவில்லை. அவன் எல்லாவற்றையும் பார்த்து முடித்தான். அப்புறம், பச்சைக் காரை முடிவு பண்ணிவிட்டேன் என்றான்.

பெரியாயி முகத்தை நீட்டினாள். "எத்தனை பேரு ஏறலாம்டா?"

"ரெண்டு பேருதான்."

"அட, அதுக்கா இத்தனை பாடு!"

அறை முழுக்கச் சிரித்தது. எப்போது ஓடும் என்று கேட்டேன்.

"ரெண்டு வருசம் ஆகும்பா."

"பாப்போம், உன் காரு மொதல்ல ஓடுதா, எங்களுக்கு வீடு மொதல்ல எழும்புதான்னு."

அவன் சிரித்தான். தயானி சிரிக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.