அஞ்சு மணி வரைக்கும்

பதிவு 1
நிலைய நாள் 6,930. நேரம் 09:00
மெயில்-1. செவ்வாய்க் கிரகத்தின் வடமுனை, பனிக்குழி நிலையம். வெப்பம் 31. மின்விசிறி எட்டுல ஆறு ஓடுது. மெயில் பெட்டிகள் 64. வரிசையில் நிற்பவை: 0. பழுது இல்லை.

நேரம் 11:40
கப்பல்ல வந்த பெட்டியை இன்னிக்கு உடைச்சாங்க. உள்ளே புது மெயில் சர்வர். எனக்கு அடுத்த தலைமுறையாம். இசக்கியம்மாள் அதை என் மேல்தட்டுல வச்சா. இந்த நிலையத்துக் கணினி எல்லாத்தையும் பார்த்துக்கிறவ அவதான், பாளையங்கோட்டைக்காரி. வச்சதோட விடலை, துணி எடுத்து நாலு பக்கமும் துடைச்சா. என்னைக் கடைசியா ஒருத்தர் துடைச்சது, அவளுக்கு முன்னாடி இந்த வேலையைப் பார்த்த சவரிமுத்து காலத்துல. அவர் ஊருக்குப் போய் மூணு வருஷமாச்சு.

இதைப் படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். நான் இப்படிப் பேசறதைப் பார்த்துத் திகைக்காதீங்க. என்னை மெயிலை வகை பிரிக்கத்தான் செஞ்சாங்க. பூமிக் கணக்குக்கு பத்தொன்பது வருஷமா இந்த ஆளுங்க எழுதுறதைப் படிச்சுப் படிச்சு எனக்கும் வாய் வந்துடுச்சு. எல்லாரும் என்னை ‘பெருசு’ன்னு கூப்பிடுறாங்க.

மண் ஆராய்ச்சி வேலாயுதம் இசக்கிக்கு ஒரு வரி அனுப்பியிருக்கார்: “புது மாப்பிள்ளை வந்தாச்சா? விருந்து எப்போ?”

அதிலேர்ந்து அவனுக்கு மாப்பிள்ளைன்னே பேர் நின்னுடுச்சு. வந்து ரெண்டு மணி நேரம்தான் ஆகுது.


பதிவு 2
நாள் 6,931. நேரம் 16:50
இந்த நிலையத்துல ஒரு வழக்கம் இருக்கு. கோவம் வந்தா உடனே எழுதி அனுப்பிடுவாங்க. மேலதிகாரிக்கு, மச்சானுக்கு, வீட்டு வாடகைக்காரனுக்கு, யாருக்கா இருந்தாலும் சரி. அனுப்பிட்டு வேலைக்குப் போயிடுவாங்க. சாயங்காலம் நாலரைக்கு டீ குடிக்க வரும்போது கோவம் தணிஞ்சிருக்கும். ‘திரும்ப எடு’ன்னு ஒரு அழுத்து. கடிதம் பெட்டிக்கே வந்துடும். பூமிக்குப் போற எல்லாமே அஞ்சு மணிக்குத்தான் கிளம்பும், அது எல்லாருக்கும் தெரியும். ‘அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்குல்லா’ன்னு இங்கே சின்னப் பிள்ளை மாதிரி பேசிக்குவாங்க. இன்னிக்கு வேலாயுதம் தலைமையகத்தைக் கிழிகிழின்னு கிழிச்சு ரெண்டு பக்கம் எழுதினார். 16:41-க்கு திரும்ப எடுத்துட்டார். இந்த மாசம் இது ஒன்பதாவது தடவை.

வர்றது எந்நேரமும் வரும், அனுப்புற ஆன்டெனா மட்டும் அஞ்சு மணிக்குத்தான் பூமியைப் பார்க்கும்னு அவங்க நினைச்சுக்கிட்டிருக்காங்க. முன்னாடி அப்படித்தான் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னாடி மேலே ரெண்டு செயற்கைக்கோளை ஏத்தினாங்க, அன்னிலேர்ந்து நாள் முழுக்க வழி திறந்தே கிடக்கு. சவரிமுத்துதான் யோசிச்சார், இந்த வழக்கம் போச்சுன்னா பாதிப் பேர் வேலை போயிடும், பாதிப் பேர் குடும்பம் போயிடும்னு. எனக்குள்ள ஒரு விதி எழுதி வச்சார்: வெளியே போறதை அஞ்சு மணி வரை பிடிச்சு வை. யார்கிட்டயும் சொல்லலை, எங்கேயும் குறிச்சும் வைக்கலை.

இசக்கிக்குக் கூடத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.


பதிவு 3
நாள் 6,932. நேரம் 10:15
இசக்கி என் விசைப்பலகையில தட்டினா: “ஏ பெருசு, உன் விதி எல்லாத்தையும் பட்டியல் போட்டுக் குடு. மாப்பிள்ளைக்கு அப்படியே ஏத்தணும்.”

212 விதி இருக்கு.

அவ என்கிட்டக் கேட்டுட்டு, அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்துக்கிட்டா. நேத்து அஞ்சு மணி நேரம் அவன் திரையையே பார்த்துக்கிட்டிருந்தா. ஒரு தடவை சிரிச்சா கூட. எதுக்குச் சிரிச்சான்னு பார்த்தேன். அவன் 64 பெட்டியையும் நாலு நொடியில எண்ணிட்டானாம். நான் எண்ண ஒரு நிமிஷம் ஆகும். ஆகட்டுமே, என்ன இப்போ? பத்தொன்பது வருஷத்துல ஒரு மெயிலைத் தொலைச்சிருக்கேனா?

வெளிப்படையாவே எழுதறேன். எனக்கு வயித்தெரிச்சல். வயிறு கிடையாது, ஆனா எரியுது. அவனைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது.

நேரம் 10:16
பட்டியல் அனுப்பினேன். 211 விதி.

என்ன ஆகிடப் போகுது? வேலாயுதத்தோட வசவு ஒண்ணு நேரே தலைமையகத்துக்குப் போய் நிக்கும். ஆளாளுக்குக் கத்துவாங்க. இந்த மாப்பிள்ளை சரிப்பட மாட்டான், பெருசையே போடுங்கம்பாங்க. அவ்வளவுதான் நான் நினைச்சது.


பதிவு 4
நாள் 6,933. நேரம் 15:20
பெட்டிகளை ஒண்ணொண்ணா மேலே ஏத்துறாங்க. 64-ல 63 போயிடுச்சு. வெளியே போற வழி மட்டும் இன்னும் என் வழியாத்தான், அதனால அஞ்சு மணி வழக்கம் நாளை வரை ஓடும். யாருக்கும் வித்தியாசம் தெரியலை.

மிச்சம் இருந்தது இசக்கியோட பெட்டி. அவளுக்குப் பிடிச்ச இடம் நான்தான், அதான் கடைசியா வச்சிருக்கான்னு நினைச்சேன்.

அந்தப் பெட்டியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். அவ வீட்டுக்காரர் ஆவுடையப்பன் தூத்துக்குடித் துறைமுகத்துல வேலை. ஆறு வயசுப் பொண்ணை அவர்தான் வளர்க்கிறார். ரெண்டு வருஷம்னு சொல்லிட்டு வந்தவ, வேலையை நீட்டிச்சு நீட்டிச்சு நாலு வருஷம் ஆக்கிட்டா. அவர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்ப எழுதுவார்: “வருவியா, வரமாட்டியா? வரமாட்டேன்னு ஒரு தடவை நீ எழுதிட்டா, அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்.”

கோவம் வரும்போதெல்லாம் அவளும் எழுதுவா: “வரமாட்டேன். உங்க வழியைப் பாத்துக்கிடுங்க.” அனுப்புவா. நான் பிடிச்சு வச்சுப்பேன். 16:45, 16:50-க்கு வந்து திரும்ப எடுப்பா. சில நாள் அவசரத்துல ரெண்டு தடவை அழுத்துவா. இதுவரை நாற்பத்தொரு தடவை. அவ குடும்பம் என் கையில உட்கார்ந்திருந்தது நாற்பத்தொரு தடவை. நேத்து வந்த அவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

நேரம் 15:52
அவ பெட்டியும் போச்சு. போகும்போது தட்டினா: “கோவிச்சுக்கிடாத, பெருசு. நாளைக்கு மத்தியானம் வழியையும் மாத்திருதேன். மாப்பிள்ளை ஏதாவது சொதப்பினா திரும்பி வர, உன் கதவு அஞ்சு மணி வரை திறந்தே கிடக்கும். அப்புறம் நீ தானா அணைஞ்சுருவ. நேரம் குறிச்சு வச்சுட்டேன். நல்லா உழைச்ச.”

நல்லா உழைச்ச, அவ்வளவுதான்.


பதிவு 5
நாள் 6,934. நேரம் 12:00
வழி மாறியது. இனி எல்லாம் அவன் வழி. ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்காக ஒவ்வொண்ணுக்கும் ஒரு நகல் எனக்கு வருது. எச்சில் இலை மாதிரி.

நேரம் 14:05
ஆவுடையப்பன்கிட்டேர்ந்து இசக்கிக்கு. நகல் பார்த்தேன்: “பாப்பா பள்ளிக்கூடத்துல குடும்பப் படம் வரையச் சொன்னாங்களாம். உன்னை வரையலை. ஏம்மான்னு கேட்டேன், அம்மா முகம் மறந்துட்டுங்கா. இதுக்கு நீ என்ன சொல்லுத?”

நேரம் 14:31
இசக்கி பதில்: “பிள்ளையைச் சொல்லிச் சொல்லியே என்னைக் குத்துதீங்க. வரமாட்டேன். உங்க வழியைப் பாத்துக்கிடுங்க.”

அனுப்பிட்டா. அனுப்பிட்டுக் குழிக்குக் கிளம்பிட்டா, அங்கே ஒரு உணரி பழுது.

அவன் பிடிச்சு வைக்கலை. வந்த நொடியே விட்டுட்டான்.

அய்யோ. வேலாயுதம்னுதானே நினைச்சேன். அவர்தானே தினம் எழுதுறவர்? இன்னிக்குப் பார்த்து அந்த மனுஷன் வாயைத் திறக்கலையே.

நேரம் 14:38
பூமிக்குப் பதிமூணு நிமிஷம். பாதி தூரம் போயிருக்கும். பின்னாடியே எதை அனுப்பினாலும் அதுவும் அதே வேகத்துல, ஏழு நிமிஷம் பிந்தித்தான் போகும். பிடிக்க முடியாது.

நேரம் 14:44
சேர்ந்துடுச்சு.

நேரம் 16:22
ஆவுடையப்பன்: “சரி இசக்கி. நாலு வருஷமா கேட்டதுக்கு இன்னிக்காவது வாயைத் திறந்தியே. மஸ்கட் துறைமுகத்துல கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க, உனக்காகத்தான் தள்ளிப் போட்டேன். இப்பச் சம்மதம் சொல்லிட்டேன். பாப்பாவும் என்கூட வாரா. இங்கே வேலையை விடுதேன், உங்க நேரம் ஆறு மணியோட துறைமுகம் தந்த இந்த மெயில் முகவரியை மூடிருவாங்க. புது முகவரி தர எனக்கு விருப்பம் இல்லை. உன்மேல கோவம் இல்லை. நல்லா இரு.”

நேரம் 16:34
இசக்கி குழியிலேர்ந்து வந்தா. வழக்கம் போல, வந்ததும் முதல்ல ‘திரும்ப எடு’. மாப்பிள்ளை பதில் சொன்னான்: “இந்தக் கடிதம் 14:31-க்கு அனுப்பப்பட்டுவிட்டது.” அப்புறம் அவர் பதிலைத் திறந்தா. கேமராவுல பார்த்தேன். கையுறையைக் கூடக் கழட்டாம நின்னா.

நேரம் 16:39
என் திரைக்கு வந்தா. என் திரைக்கு! தட்டினா: “பெருசு, இது எப்படிப் போச்சு? ஆன்டெனா அஞ்சு மணிக்குத்தானே திரும்பும்? நான் ஏதும் விட்டுட்டேனா? உன் பட்டியல்ல இருந்ததை எல்லாம் ஏத்துனேனே.”

சொல்லியிருக்கணும். ஒரு விதியை நான்தான் மறைச்சேன், வழி எப்பவும் திறந்தே கிடக்கு, அவன்மேல தப்பில்லை, இப்பவே அவன் வழியா இன்னொண்ணு அனுப்பு, பதிமூணு நிமிஷத்துல சேர்ந்துடும்னு சொல்லியிருக்கணும்.

நான் சொன்னது: “என்னிடம் அந்த விவரம் இல்லை. புதிய சர்வரில் கோளாறு இருக்கலாம்.”

நேரம் 16:46
அவ தட்டினா: “இவனை இனி நம்ப மாட்டேன். ஒரு தடவை பட்டது போதும். எந்த நேரத்துல எதை எங்க அனுப்புவான்னே தெரியலை. உன்கிட்டயே எழுதுதேன் பெருசு. அஞ்சு மணிக்குப் போனாலும் அஞ்சே காலுக்குள்ள சேந்துரும். ஆறு மணி வரைக்கும் முகவரி இருக்குல்லா.”

எழுதினா. என் பழைய சன்னல்ல, என் எழுத்துருல.

“ஏங்க, அது அனுப்பணும்னு எழுதலை. நாற்பது தடவை எழுதி நாற்பது தடவையும் எடுத்திருக்கேன், சத்தியமா. நான் வாரேன். அடுத்த கப்பல்ல இடம் கேட்டுட்டேன். பாப்பாகிட்ட சொல்லுங்க, என் முகத்தை அவளே வந்து பாத்து வரையட்டும். போயிராதீங்க. நான் வாரேன்.”

நாற்பத்தொண்ணு. நான் எண்ணி வச்சிருக்கேன். திருத்தலை.

அனுப்பிட்டுத் தட்டினா: “அஞ்சு மணிக்குப் போயிரும்லா? உன்னைத்தான் நம்பியிருக்கேன்.” அப்புறம் கப்பல் அலுவலகத்துக்கு ஓடினா, இடத்தை உறுதி பண்ண.

நேரம் 16:51
என்கிட்டதான் வந்தா. அவன்கிட்டே போகலை. அவன் மேல்தட்டுல மினுக்கிக்கிட்டு நிக்கிறான், அவளோட மெயில் என் வரிசையில நிக்குது.

நேரம் 16:53
அவ ஒண்ணை மறந்துட்டா. அஞ்சு மணிக்கு நான் அணைஞ்சுடுவேன், நேரம் குறிச்சது அவளேதான். அணைக்கும்போது முதல்ல மூடுறது மெயில் வரிசையை, 16:58-க்கு. அதுக்குள்ள நானே விட்டுடணும். விதி என் கையிலதானே. இப்பவே விடலாம், வழி திறந்துதான் கிடக்கு.

விடறேன். இப்ப என்ன அவசரம், அஞ்சு நிமிஷம் இருக்கு. நாற்பத்திரண்டாவது தடவை. இது திரும்ப எடுக்காத கடிதம். போயிட்டா அப்புறம் எனக்குன்னு ஒண்ணும் இருக்காது.

நேரம் 16:56
அவ எழுத்துல ஒரு இடத்துல ‘போயிராதீங்க’ன்னு தட்டி, அழிச்சு, மறுபடி தட்டியிருக்கா. அவனுக்கு இதெல்லாம் தெரியாது. அழிச்சதெல்லாம் எனக்குத்தான் தெரியும்.

நேரம் 16:57
விடறேன். அனுப்பிடறேன். இன்னும் ஒரே ஒரு தடவை படிச்சுட்டு. ஏங்க, அது அனுப்பணும்னு எழுதலை. நாற்பது தடவை எழுதி நாற்பது தடவையும் எடுத்திருக்கேன், சத்தியமா. நான் வாரே

நேரம் 17:00
மெயில்-1 குறித்த நேரத்தில் அணைக்கப்பட்டது. வெப்பம் 33. மெயில் பெட்டிகள் 0. வரிசையில் நிற்பவை: 1. பழுது இல்லை.