எந்தப் பொத்தானில் பொட்டு வைத்தேன்?

மச்சி,

இன்று காலை ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைத்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. லேத் மெஷினுக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி விரித்து, அதன்மேல் உன் கிட்டார் பெடல். உன் மகள் ரேவதி நேற்றே கொண்டுவந்துவிட்டாள். "அப்பா வருஷா வருஷம் இங்கதானே வெப்பாரு மாமா." நீ இல்லாத முதல் பூஜை இது.

நான் அதைப் பெடல் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கரகரப் பெட்டி. ஒழுங்காகப் பாடிக்கொண்டிருக்கும் கிட்டார், நீ காலால் ஒரு மிதி மிதித்தால் மிக்ஸிக்குள் போல்ட் விழுந்த மாதிரி உறுமும்.

"இந்தச் சத்தத்துக்கா நைனா கடை கடையா அலைஞ்ச? எங்க லேத்தாண்ட வந்து நின்னிருந்தா ஓசியில கேட்டிருக்கலாமே?"

அதற்கும் சிரிப்பாய். அடிச் சத்தம், நடுச் சத்தம், மேல் சத்தம், மூன்றுக்கும் தனித்தனிக் குமிழ். பிடித்தபடி திருப்பிவைத்து, நாலு பொத்தானில் ஒன்றை அழுத்திப் பிடித்தால் அந்தச் சத்தம் அதில் பதிந்துவிடும். அப்புறம் குமிழ் எப்படி நின்றாலும், அந்தப் பொத்தானை மிதித்தால் பதிந்ததுதான் வரும். "மேல கீற குமிழ நம்பாதடா. அது சும்மா நிக்கும். உள்ள கீறதுதான் நெசம்" என்பாய்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இதெல்லாம் எங்கே ஏறும்? ஒரு பூஜையன்று எங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, ஒயரைப் பிடுங்காமல் டீ குடிக்கப் போனாய். நான் ஈரத் துணியால் பெட்டியைத் துடைத்தேன். குமிழ் எல்லாம் துணியோடு சுற்றின. ஒரு பொத்தானில் சந்தனம் வைத்து, கட்டைவிரலை எடுக்காமலே, கற்பூரம் எங்கே என்று வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் மயிலாப்பூர் மேடையில், அம்மன் பாட்டுக்கு நடுவில் நீ மிதித்தாய். வேறு ஏதோ கிளம்பியது. முன்வரிசை மொத்தமும் நிமிர்ந்தது. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய், ஆனால் சத்தத்தை மாற்றவில்லை. கூட்டம் கைதட்டியது.

இறங்கி வந்ததும், "இன்னாடா பண்ண?"

"பொட்டு வெச்சேன் மச்சி."

"நல்லாத்தான்டா கீது. இருந்துட்டுப் போவட்டும்."

எந்தப் பொத்தான் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! "சொன்னா, அது வரும்போதெல்லாம் உன் மூஞ்சி தொங்கிப்பூடும்" என்று மழுப்பினாய்.

இப்போது மாட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அடையாறு மேடையில் ரேவதி கிட்டார் வாசிக்கிறாள். நேற்று கேட்டாள்: "எனக்கு ஒரு பொத்தான் வேணும் மாமா. அப்பா வெச்சத அழிக்க மனசு வரல. நீங்க கெடுத்தது எதுன்னு சொல்லுங்க, அத அழிச்சிடறேன்."

"இதென்ன பெரிய விஷயம், போடு" என்றேன், பெரிய மேதை மாதிரி.

முதல் பொத்தானில் அடிச் சத்தம் தரையை அதிரவைத்தது. இதுதான் என்றேன். அடுத்ததில் நடுச் சத்தம் மட்டும் பஸ் கண்டக்டர் மாதிரி கத்தியது. இல்லை, இது. மூன்றாவதைக் கேட்டதும் அதுவும் என் கைவரிசை போலத்தான் இருந்தது. நாலாவதில் நீ பாட்டை முடிக்கும்போது தலையாட்டுவது கண்முன் வந்தது. அந்தத் தலையாட்டல் முதலாவதிலும் இருந்ததோ? மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும்.

"மாமா, நாலையும் நீங்கதான் கெடுத்தீங்களா?"

சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எல்லாம் குழம்பிக் கிடந்தது. உன்னைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தவன் நான். ஆஸ்பத்திரியில் நீ சிரித்த சிரிப்பைப் பார்த்து, ரெண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவனும் நான்தான். குமிழை நம்பாதே என்று நீ சொன்னது அப்போது ஏன் நினைவுக்கு வரவில்லை? தெரியவில்லை மச்சி.

ரேவதி காத்திருந்தாள். தப்பாக ஒன்றைக் காட்டினால் நீ வைத்தது போய்விடும். சரியாகக் காட்டினாலும், நான் கெடுத்ததை நீ இத்தனை நாள் அழிக்காமல் வைத்திருந்தது போய்விடும்.

"தெரியலம்மா" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. "சரி மாமா. நாலும் இருக்கட்டும். என்னோட சத்தத்துக்குப் பொத்தான மிதிக்காம, ஒவ்வொரு பாட்டுக்கும் குனிஞ்சு குமிழத் திருப்பிக்கறேன்."

இன்று ஒயரைப் பிடுங்கினேன். பிடுங்கிவிட்டேனா என்று இரண்டு தடவை பார்த்தேன். பொட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தேன். பொத்தான் பக்கமே கை போகவில்லை. கட்டைவிரலில் சந்தனம் காய்ந்து தோலை இழுக்கிறது. கழுவ வேண்டும். இன்னும் கழுவவில்லை.