நடுவில் ஒரு சுவர் உண்டு

கொட்டாஞ்சேனை,
2 பெப்ரவரி 2025

அன்புள்ள தம்பி ஷெல்டனுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? போனில் கதைத்தால் "சரி அக்கா, சரி அக்கா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் ஈமெயிலில் எழுதுகிறேன்.

அம்மாவின் வீட்டை விற்க நானும் சம்மதித்தேன். அதில் மாற்றமில்லை. ஆனால் இணையத்தில் நீ "தனி வீடு" என்று விளம்பரம் போட்டிருக்கிறாய். தம்பி, இது ஒட்டு வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் றஸ்மியாவும் அவளுடைய புருஷன் சஜீத்தும். கேட்டும் முற்றமும் பொது. படத்தில் அவர்களுடைய கதவை வெட்டியும் விட்டிருக்கிறாய்.

சனிக்கிழமை இரத்மலானையிலிருந்து ஒரு வயதானவர் இரண்டு பஸ் மாறி வந்தார். கேட்டடியில் நின்றபடியே, "மேக்க கெயின் பாகயக் நே, மிஸ்" என்றார். பாதி வீடுதானே என்கிறார். பிளேன்டி குடிக்கக் கூப்பிட்டேன். உள்ளே வரவில்லை.

கேட்டைத் திறக்கிறவள் நான். அந்த முகங்களைப் பார்க்கிறவளும் நான். தயவுசெய்து மாற்றிவிடு.

அன்புடன்,
அக்கா ரொஷேல்

மெல்பேர்ண்,
6 பெப்ரவரி 2025

அன்பு அக்கா,

எல்லோரும் சுகம். பிள்ளைகள் உங்களைக் கேட்டார்கள்.

அந்தத் தளத்தில் வீடு, ஃபிளாட், அனெக்ஸ், காணி என்று நாலு வகைதான் இருக்கின்றன. ஒட்டு வீட்டுக்கு இடமில்லை. அனெக்ஸ் என்று போட்டால் வாடகைக்கு அறை தேடுகிறவர்கள்தான் வருவார்கள். எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள், அக்கா. வந்து பார்த்தால் அந்த உயரமான கூரையும் காற்றும் யாருக்கும் பிடிக்கும். நீங்கள் கேட்டடியிலேயே குறை சொல்லத் தொடங்காமல் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். மிச்சத்தை நான் கதைக்கிறேன்.

தம்பி ஷெல்டன்

கொட்டாஞ்சேனை,
17 பெப்ரவரி 2025

அன்புள்ள தம்பி,

நீ சொன்னபடியே நேற்று ஒன்றும் சொல்லாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

வந்தவர்கள் அனுஜன், ரூபிகா என்று ஒரு இளம் சோடி. வெள்ளவத்தையில் ஃபிளாட் ஒன்றில் இருக்கிறார்கள். ஆறு வயதில் ஒரு மகள். அவளுக்குப் பேச்சு வரவில்லை. இரவில் எழும்பிக் கத்துவாளாம். கீழ் வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் சீலிங்கில் இடிப்பாராம். போலீசுக்கும் ஒருமுறை சொல்லிவிட்டாராம். அதனால்தான் தனி வீடு தேடுகிறார்கள்.

ரூபிகாவுக்கு வீடு பிடித்துவிட்டது. பின் அறையில் நின்று, "இது பிள்ளைக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் றஸ்மியாவின் கிரைண்டர் ஓடத் தொடங்கியது. அந்தச் சுவர் கூரை ஓடு வரைக்கும் போகவில்லை, சத்தமெல்லாம் மேலால் வரும் என்பது உனக்குத் தெரியும். ரூபிகா என்னைப் பார்த்தாள்.

"அது ஆர், அன்ரி?"

"பக்கத்து வீடு, மகள்."

"இது தனி வீடு எண்டுதானே போட்டிருந்தது?"

அவள் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள். அனுஜன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

அந்தப் பிள்ளையின் தாய்க்கு நாம் செய்தது சரியில்லை. இனிமேல் மாற்றாமல் இருக்காதே.

ரொஷேல்

மெல்பேர்ண்,
18 பெப்ரவரி 2025

அக்கா,

பாவம்தான். ஆனால் யாருக்கு என்ன பிரச்சினை என்று எனக்கு எப்படித் தெரியும்? உண்மையைச் சொன்னால், உங்களுக்கு அந்த வீட்டைவிட்டுப் போக விருப்பமில்லை. அதனால்தான் வீடு பார்க்க வருகிற ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு கதை வருகிறது.

ஷெல்டன்

வெள்ளவத்தை,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பி,

நீ கடைசியாக எழுதியதைப் படித்தபிறகு உனக்கு எழுத மனம் வரவில்லை. என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் வந்துபோன மறுநாளே றஸ்மியா வந்து, "நேத்து உங்கட வீட்ல ஒரு பொம்பள அழுதாளே, ஏன்?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். "அவங்கள ஒருக்கா வரச் சொல்லுங்க. புள்ள கத்தினா கத்தட்டும். எங்கட அவரு ராவைக்கு ஒருகொடவத்தை கண்டெய்னர் யார்டுல வேலைலதான் ஈக்கிறாரு. நானும் மூணு புள்ள வளத்தவதானே" என்றாள்.

ரூபிகாவுக்குப் போன் எடுத்து, முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு சுவர், கேட், முற்றம் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தார்கள். றஸ்மியாவின் குசினியில் வைத்துப் பிள்ளை கத்தத் தொடங்கியது. ரூபிகா பதறி எழும்பினாள். "இரிங்க" என்று சொல்லிவிட்டு, றஸ்மியா தன்பாட்டுக்கு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை கத்தி ஓய்ந்து, அவளுடைய மாவைப் பிசையப் போனது. வெளியே வந்ததும் அனுஜன், "இந்த வீட்டையே எடுப்பம்" என்றான்.

நோத்தாரிசிடம் உறுதி எழுதும் வேலை நடக்கிறது. உன் பங்கு குறையாமல் வரும்.

எனக்குப் போக விருப்பமில்லை என்று எழுதினாய். ஓம், விருப்பமில்லைதான். ஆனாலும் உனக்காகச் சம்மதித்துவிட்டு, பின்னால் நின்று தடுக்கிறவள் நான் இல்லை. அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னும் நோகிறது. கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

போன கிழமை நான் வேலை செய்கிற பாமசிக்குக் கிட்ட ஒரு இடத்துக்கு வந்துவிட்டேன். கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகளோடு வா. வருமுன்னமே சொல்லிவிடுகிறேன்: ஒரேயொரு அறை, மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. நிலத்தில் பாய் போட்டுத்தான் படுக்கவேண்டும். கடல் தெரியாது.

அன்புடன்,
அக்கா