ஜாக்கி வைத்த இடம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் பெண்டாட்டி நலம், வண்டியும் இப்போது நலம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சமைத்துப் போடுகிறவன் தன் தட்டை மறந்துவிடுவான் என்பது பெற்றவளுக்குத் தெரியாதா. என் இடுப்புக்கு டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார், படி ஏறாதீர்கள் என்கிறார், நானும் ஏறுவதில்லை, துணி காயப்போட மட்டும் ஏறுகிறேன். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன், இன்னும் சுற்றி வளைத்தால் எழுதாமலே மடித்து வைத்துவிடுவேன்.

போன கடிதத்தில் உன் பெண்டாட்டியைப் பற்றி நான் எழுதியது அத்தனையும் தப்பு. பள்ளிக்கூட வேனை வாசலில் நிறுத்திப் போட்டுவிட்டாள், பதினொரு பிள்ளைகளின் பெற்றோரும் போன் பண்ணி என்னைப் பிடுங்குகிறார்கள், மெக்கானிக்கே வந்து ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் ஓட்ட மாட்டேன் என்கிறாள், இவளுக்கு எதற்கு வண்டி என்றெல்லாம் எழுதினேன் அல்லவா. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சொல்லிவைத்தவர்கள் என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். நடந்ததை இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன், கேள்.

அந்தத் திங்கட்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பியவள், பள்ளிக்கூடத்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடது முன்சக்கரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம் வருகிறது என்றாள். நானும் அவளோடு ஒரு சுற்றுப் போனேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளோ கண்ணாடியை இறக்கிவிட்டு, வழியில் இருக்கும் கிடங்கின் நீளமான மதிலை ஒட்டியே ஊர்ந்தாள், சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வருமாம், அப்போது நன்றாகக் கேட்குமாம். டயரையும் தடவிப் பார்க்கச் சொன்னாள், உள்பக்க விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. மறுநாள் நம் தெருமுனை மெக்கானிக் வந்தார், அவரை எல்லோரும் 'எல்லாம் சரி' என்றுதான் கூப்பிடுவார்கள், எந்த வண்டியைப் பார்த்தாலும் அவர் வாயில் வருவது அது ஒன்றுதான். வண்டியைத் தூக்கினார், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், ஆடவில்லை, 'எல்லாம் சரியா இருக்கும்மா' என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அப்படியும் இவள் சாவியைத் தொடவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஓட்டச் சோம்பலாக இருந்தால் நேராகச் சொல்லிவிடு, வண்டிமேல் ஏன் பழி போடுகிறாய் என்று கேட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே உட்கார்ந்து உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். அதைவிடக் கேவலம், ஒட்டி அவள் கையிலேயே கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன். போட்டுவிட்டு வந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் அவளே வண்டிக்கு அடியில் இறங்கினாள். பின்சக்கரங்களுக்குச் செங்கல் அண்டை கொடுத்து, ஜாக்கி நழுவினாலும் வண்டி இறங்காதபடி அதன் இரும்புச் சட்டத்துக்கு அடியில் மரக்கட்டை அடுக்கி, எவ்வளவு பதவிசாகச் செய்தாள் தெரியுமா. உனக்கு ஸ்குரூ முடுக்கவே தெரியாது, ஆகையால் எனக்கு அவள் விளக்கியபடியே உனக்கும் சொல்கிறேன். நம் தொடை எலும்பின் குண்டு இடுப்புக் குழியில் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் திரும்புகிறதே, அப்படித்தான் முன்சக்கரத்தை வண்டியோடு சேர்க்கும் இரும்புக் கைகளின் முனையிலும் ஒரு குண்டு ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறதாம், அதற்குத்தான் பால் ஜாயிண்ட் என்று பேர். சக்கரம் திரும்புவதும் ஏறி இறங்குவதும் அதன் தயவில்தான். மேலே ஒரு ரப்பர் உறை இருக்கும், அது கிழிந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய் அரைத்துவிடும், நம்முடையது கிழிந்துதான் இருந்தது. மெக்கானிக் ஜாக்கியைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்தாராம். அப்படித் தூக்கினால் சக்கரம் தொங்கும், ஸ்பிரிங் அந்த இரும்புக் கைகளில் கீழே இருக்கும் கீழ்க்கையை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும், தேய்ந்த குண்டுகூட நல்ல பிள்ளையாக அசையாமல் இருக்கும். அதே ஜாக்கியைக் கீழ்க்கைக்கு அடியில், குண்டுக்குப் பக்கத்திலேயே கொடுத்தால் அழுத்தம் முழுக்க ஜாக்கிமேல் இறங்கிவிடும், அப்போதுதான் குண்டின் குட்டு வெளிப்படும். எல்லா வண்டிக்கும் இதே கணக்கு இல்லை, ஸ்பிரிங் எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்றும் சொன்னாள். வைத்துவிட்டு என் கையில் ஒரு நீளக் கம்பியைக் கொடுத்தாள். 'டயருக்கு அடியில குடுத்து மெதுவா நெம்புங்க அத்தை, இடுப்புக்கு வலிக்காம' என்றாள். முந்தின நாள் அவ்வளவு பேச்சு வாங்கினவள் என் இடுப்பைப் பற்றிக் கவலைப்படுகிறாள் பார். நெம்பினேன். டொக். காதில் கேட்பதற்கு முன்னால் என் உள்ளங்கையில் கேட்டது. இன்னொரு தரம் நெம்பினேன், இன்னொரு டொக். அந்தச் சக்கரத்தை நம்பித்தான் பதினொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போ போ என்று அவளை விரட்டியிருக்கிறேன்.

மறுநாள் பெரிய ஒர்க்‌ஷாப்காரர் வண்டியை இழுத்துக்கொண்டுபோய்க் கழற்றினார், நானும் கூடப் போனேன். குண்டு கிண்ணத்திலிருந்து கையோடு வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு பார்த்தவர், 'இன்னும் ரெண்டு மூணு வேகத்தடை தாங்கியிருக்கும்மா, அப்புறம் சக்கரம் மடிஞ்சு படுத்திருக்கும்' என்றார். இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் 'என் மருமக' என்று நான் சொன்னேன், அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். ஜாக்கியை எங்கே வைத்தாள் என்று கேட்டுவிட்டு, வேலை செய்துகொண்டிருந்த மூன்று ஆட்களையும் கூப்பிட்டு அவளை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். உன் பெண்டாட்டி கன்னம் சிவக்கச் சொன்னாள் பார், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு பக்கமும் புதிது போட்டு, வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. இனிப் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் கிரீஸ் அடிக்க வேண்டுமாம், முதல் தரம் அவள் அடித்தபோது நான் துணி பிடித்தேன். முதலில் கிரீஸ் ஏறும் வாயை மண் இல்லாமல் துடைக்க வேண்டும், ரப்பர் லேசாக உப்பினதும் நிறுத்திவிட வேண்டும், ஆசைப்பட்டு அடித்தால் உறை வெடித்துவிடும். 'எல்லாம் சரி'யும் ஒரு நாள் வந்து குனிந்து பார்த்துவிட்டு, 'இது எனக்குத் தோணலயேம்மா' என்று தலையைச் சொறிந்தார். நல்ல மனுஷர்தான்.

இதையெல்லாம் அன்றைக்கே உனக்குப் போனில் சொல்லியிருக்கலாம். வெட்கம். கடிதம் வழியில் தொலைந்துபோகட்டும் என்று நான் வேண்டாத வேண்டுதல் இல்லை. தொலையவில்லை, வந்து சேர்ந்து, நீயும் போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் போனில் கூப்பிட்டு வண்டியை விற்றுவிடு, என் சிநேகிதன் அடுத்த வாரம் வந்து பார்ப்பான் என்று சொல்லிவிட்டாய். போனை வைத்தவள் நேரே போய் வண்டியைக் கழுவ ஆரம்பித்தாள், விற்கப்போகும் வண்டியை அப்படிக் கழுவுகிறாள். என்னால் தாங்க முடியவில்லை. பின்னாலேயே போய், அவனுக்குக் கோள் மூட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். 'தெரியும் அத்தை' என்றாள், துணியைப் பிழிந்துகொண்டே. 'மெக்கானிக் சொன்னதுக்கப்புறம் எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு, உங்களுக்கு இருந்தா என்ன தப்பு' என்றாள். இவ்வளவு பெரிய மனசை எங்கிருந்து கொண்டுவந்தாளோ. இந்த வயதில் நான் ஒருத்தரைப் பார்த்து மலைத்தது உண்டென்றால் அது இவளைப் பார்த்துத்தான்.

ஆகையால் உன் சிநேகிதனை வர வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு, வந்தால் வாசலில் நான்தான் நிற்பேன். உடம்பைப் பார்த்துக்கொள், அடுப்படியில் செருப்பில்லாமல் நிற்காதே, நீ ஓட்டும் வாகனத்தில் ஏதாவது சத்தம் வந்தால் பாட்டை ஏற்றி வைக்காமல் காதைக் கொடு. நீயும் உன் குடும்பமும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் போடாதே. பதினெட்டு வருஷமாக உன் கடிதத்துக்காகத் தபால்காரரின் சைக்கிள் மணியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் சொல்கிறேன், எனக்கு வேண்டாம், அவளுக்குப் போடு.

இப்படிக்கு,
அவள் அத்தை, உன் அம்மா.