அப்பாவின் பிக்கப்புக்கு வெயில் மறைப்பு

சிட்லபாக்கம்
9 ஆகஸ்ட் 2025

எப்சியின் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போன் பண்ண வேண்டாம் என்று சொல்லி உங்களை வீட்டை விட்டு அனுப்பியவள் நான். இப்போது நானே போன் பண்ண வெட்கமாக இருக்கிறது. பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வரும். எழுதினால் வராது, வந்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

ஜூனில் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாயங்காலம் பள்ளி முடிந்து மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் ரோட்டில் வரும்போது வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. முன்னால் போகும் ஆட்டோ தெரிவதில்லை. "ஏன் டீச்சர் அந்தக் கிழட்டு வண்டியோட மல்லுக்கட்டுறீங்க, ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கங்க" என்கிறார்கள். அப்பா ஏலத்தில் எடுத்து நாற்பது வருடம் ஓட்டிய பிக்கப்பை அப்படி விட்டுவிட முடியுமா?

முன் கண்ணாடிக்கு மேலே, வெளிப்பக்கம், தொப்பி விளிம்பு மாதிரி ஒரு தகடு வைப்பார்களே, அதை வைத்துத் தர முடியுமா? பழைய வண்டி வேலைக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

சர்ச் டிரைவர் சவுரிமுத்து அண்ணன் சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து விடுவார். மழைக்கு முன் முடித்துக் கொடுங்கள்.

மெட்டில்டா


அனகாபுத்தூர்
22 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மெட்டில்டா,

வண்டி வந்தது, கடிதமும் வந்தது. ஆபரேஷன் விஷயத்தை எல்லாம் முடிந்த பிறகுதான் எப்சி சொன்னாள். முன்பே தெரிந்திருந்தால் ஆஸ்பத்திரி வாசலிலாவது வந்து நின்றிருப்பேன். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு. உனக்குப் பொறுமை கிடையாது.

தகடு அடிப்பது பெரிய வேலை இல்லை. கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுவதற்கு ஒரு மடிப்பு இருக்கிறது. இரண்டு பக்கமும் அதிலேயே கிளாம்ப் போட்டுக் கவ்வவைத்துவிடலாம். நடுவில் மட்டும் இரண்டு ஓட்டை போட வேண்டும். ஓட்டை போட்ட இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும் என்பதால் அங்கே அவசரப்படமாட்டேன்.

கவலை வேறு இடத்தில். கதவைச் சாத்தினேன், உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்டது. குடத்தை ஆட்டுவது மாதிரி. குனிந்து பார்த்தால், கதவின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகளை யாரோ எபாக்சி பசை வைத்து அடைத்திருக்கிறார்கள். கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியே வடிவதற்குத்தான் அந்த ஓட்டைகள். அடைத்ததால் தண்ணீர் உள்ளேயே கிடந்து, இரண்டு கதவும் கீழே அப்பளம் மாதிரி ஆகிவிட்டன. விரலால் அழுத்தினால் பொத்துக்கொள்கிறது. எந்த மெக்கானிக் செய்த வேலை இது? இனிமேல் அவனிடம் போகாதே.

இன்னொன்று. வேலை முடிந்ததும் வண்டியோடு நானும் வீட்டுக்கு வந்துவிடலாமா? இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் தைரியம் தேடிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
ஜெரோம்


சிட்லபாக்கம்
31 ஆகஸ்ட் 2025

எப்சியின் அப்பாவுக்கு,

அந்த மெக்கானிக் நான்தான்.

2023 டிசம்பரில் அப்பாவை அடக்கம் செய்த வாரம் அது. வெள்ளம் வடிந்து சுவரில் கோடு மட்டும் இருந்தது. எங்கே ஓட்டையைப் பார்த்தாலும் அது வழியாகத் தண்ணீர் வரும் என்று தோன்றியது. சமையலறைக் குழாய் போகும் ஓட்டை, பின்கதவு இடுக்கு, எல்லாவற்றையும் அடைத்தேன். பசை மிச்சம் இருந்தது. வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்து அதையும் அடைத்தேன். பயம்தான், வேறென்ன. கணக்கு டீச்சருக்கு இவ்வளவுதான் மூளை என்று சிரித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அன்று காலை எல்லாரையும் போல நீங்களும் வண்டியை மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லிப் போனீர்கள். மறுநாள் மத்தியானம்தான் வந்தீர்கள். நடுவில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. படுக்கையில் கிடந்த அப்பாவை நானும் பக்கத்து வீட்டு சூர்யநாராயணன் சாரும் மாடிக்குத் தூக்கினோம். நனைந்த மனிதருக்குச் சளி கட்டி, பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "மாமாதான் வண்டியப் பாத்துக்கச் சொன்னார்" என்றீர்கள்.

இன்றைக்கும் அதுதான் பதில் என்றால் வண்டி மட்டும் வரட்டும்.

மெட்டில்டா


அனகாபுத்தூர்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள மெட்டில்டா,

நான் சிரிக்கவில்லை.

வேலை முடிந்தது. கதவுகளின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தேன். வடிகால் ஓட்டைகளைத் திறந்துவிட்டேன். கதவுக்கு உள்பக்கம் மெழுகு கலந்த எண்ணெய் அடித்திருக்கிறேன். மாதம் ஒரு முறை ஈர்க்குச்சி விட்டு அந்த ஓட்டைகளைக் குத்திவிடு. வெயில் தகட்டுக்குப் போட்ட இரண்டு ஓட்டையிலும் பிசிறைத் தேய்த்து, துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்து, ஒரு நாள் காயவிட்டு, பெயிண்ட் அடித்து, ரப்பர் வாஷர் வைத்து முறுக்கினேன். தகட்டின் அடியில் பளபளப்பு இல்லாத கறுப்பு அடித்திருக்கிறேன், கண் கூசாது. நேற்று சாயங்காலம் பல்லாவரத்திலிருந்து திரும்பும்போது வெயிலை எதிர்த்து ஓட்டிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது.

மாமா வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது உண்மை. நான் வராததற்கு அது காரணம் இல்லை.

வண்டியை நிறுத்தியதும் இறங்கி நடந்தேன். செம்பாக்கம் தாண்டும்போது முழங்கால் அளவு. நம் தெரு முனைக்கு வந்தபோது இடுப்பு அளவு, இழுப்பும் இருந்தது. நம் வீடு தெரிந்தது. சூர்யநாராயணன் சார் அந்தத் தண்ணீரில் நம் கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தேன். அறுபத்தைந்து வயது மனிதர். நான் அடுத்த அடி வைக்கவில்லை. நீச்சல் தெரியாது என்பது ஒரு சாக்கு, அவருக்கும் தெரியாது. செத்துவிடுவேன் என்று பயந்தேன். திரும்பிப் போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

வண்டிக்குக் காவல் இருந்ததாகச் சொன்னது கௌரவத்துக்கு. நான் ஓடிப்போனவன். நீ அடைத்தது பயத்தில் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு என்னால் இதை உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை.

சவுரிமுத்து அண்ணனை அனுப்பு, வண்டியை எடுத்துப் போகட்டும்.

ஜெரோம்


சிட்லபாக்கம்
21 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜெரோமுக்கு,

சவுரிமுத்து அண்ணனை அனுப்பப்போவதில்லை.

நான் அன்று உங்களைப் பார்த்தேன். அப்பாவுக்குப் போர்வை தேடி மாடி ஜன்னல் பக்கம் வந்தவள், தெரு முனையில் நீலச் சட்டையைப் பார்த்தேன். கையை ஆட்டினேன். நீங்கள் மேலே பார்க்கவில்லை. ரொம்ப நேரம் நின்றீர்கள், திரும்பிவிட்டீர்கள். "ஜெரோம் வந்தாச்சா?" என்று அப்பா கேட்டார். "வழியில இருக்கார்ப்பா" என்றேன்.

பயந்ததற்காக உங்களை அனுப்பவில்லை. எனக்கும் அன்று பயம்தான். ஆனால் மறுநாள் வந்து, என் முகத்தைப் பார்த்து, அப்பாவின் பேரைச் சொல்லிப் பொய் சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. இன்று சொல்வீர்கள், நாளை சொல்வீர்கள் என்று கிட்டத்தட்ட இரண்டு வருடம் காத்திருந்தேன். வாய் திறந்து கேட்காதது என் பிடிவாதம். அதை ஒப்புக்கொள்கிறேன்.

வண்டியை நீங்களே ஓட்டி வாருங்கள். துணிமணியையும் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். ஆயுத பூஜை லீவுக்கு எப்சி ஹாஸ்டலிலிருந்து வருகிறாள். அதற்கு முன் வந்துவிடுங்கள்.

எனக்கு எழுதியதை அவளிடம் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். நான் சொல்லித் தரமாட்டேன். அன்று ஜன்னலில் அவளும் என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

உங்கள்
மெட்டில்டா